பழைய காரில் எலெக்ட்ரிக் ரேடியேட்டர் ஃபேன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாட்டர் பம்ப்போடு சேர்ந்து பெல்ட்டில் சுற்றும் ஃபேனை எடுத்துவிட்டு, அல்லது அதை அப்படியே வைத்துக்கொண்டு துணைக்கு, 12 வோல்ட் எலெக்ட்ரிக் ஃபேன் போட நினைப்பவர்களுக்கானது இது. ஃபேனை மாட்டுவது சுலபம், யாரும் செய்துவிடலாம். ஒயரிங்கில்தான் வேலை கெடுகிறது. அதனால் பதில்களில் பாதிக்கு மேல் மின்சாரத்தைப் பற்றித்தான் இருக்கும்.

பெல்ட் ஃபேன் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, எதற்கு மாற்ற வேண்டும்?

மாற்றியே ஆக வேண்டும் என்று எதுவும் இல்லை. பெல்ட் ஃபேனின் சிக்கல், அது இன்ஜின் வேகத்துக்குக் கட்டுப்பட்டது என்பது. நெரிசலில் நிற்கும்போது காற்று அதிகம் வேண்டும், ஆனால் இன்ஜின் ஐட்லிங்கில் இருப்பதால் ஃபேன் மெதுவாகச் சுற்றும். திறந்த சாலையில் வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும், அப்போது பார்த்தால் ஃபேன் முழு வேகத்தில் சுற்றி இன்ஜின் சக்தியைத் தின்னும். ஃபேன் இழுக்கும் சக்தி வேகத்தின் முப்படியாக ஏறும், அதாவது வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு. விஸ்கஸ் கிளட்ச் (சூடு ஏறும்போது மட்டும் ஃபேனை இறுக்கிச் சுற்ற வைக்கும் இணைப்பு) வைத்த ஃபேன் இந்த இழப்பைக் கொஞ்சம் குறைக்கும். எலெக்ட்ரிக் ஃபேன் தேவைப்படும்போது மட்டும் ஓடும், இன்ஜின் எந்த வேகத்தில் இருந்தாலும் தன் வேகத்தில் ஓடும். காலையில் இன்ஜினும் சீக்கிரம் சூடேறும்.

என் கார் சூடாகிறது. ஃபேன் மாற்றினால் சரியாகிவிடுமா?

எப்போது சூடாகிறது என்று முதலில் பாருங்கள். நின்றுகொண்டிருக்கும்போதும் ஊர்ந்து போகும்போதும் மட்டும் முள் ஏறி, வண்டி கொஞ்சம் வேகம் பிடித்ததும் இறங்கினால் காற்றுதான் குறை, ஃபேன் உதவும். மணிக்கு 60, 80 கிலோமீட்டரில் போகும்போதும் சூடானால் ஃபேனால் ஒன்றும் ஆகாது, ஏனென்றால் அந்த வேகத்தில் ரேடியேட்டருக்குள் போகும் காற்று எந்த ஃபேன் தருவதைவிடவும் அதிகம். அடைத்துப்போன ரேடியேட்டர், இறக்கை தேய்ந்த வாட்டர் பம்ப், முழுசாகத் திறக்காத தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு), உறிஞ்சும்போது உள்ளே அமுங்கிவிடும் கீழ் ஹோஸ், பின்தங்கிய இக்னிஷன் டைமிங், ஹெட் கேஸ்கெட் கசிவு என்று காரணம் வேறு எங்கோ இருக்கும். அதைச் சரி செய்யாமல் ஃபேன் போட்டால் நோய் அப்படியே உள்ளே வளரும். தயவுசெய்து இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

ரேடியேட்டருக்கு முன்னாலா, பின்னாலா?

இடம் இருந்தால் பின்னால், இன்ஜின் பக்கம், இழுக்கும் வகை. முன்னால் வைத்துத் தள்ளும் வகையும் வேலை செய்யும், ஆனால் வேகத்தில் போகும்போது அதன் மோட்டாரும் சட்டமும் வரும் காற்றை மறைக்கும். பெல்ட் ஃபேனை எடுக்காமல் துணைக்குப் போடுபவர்களுக்கு வேறு வழியில்லை, முன்னால்தான்.

இரண்டு ஒயரையும் மாற்றிக் கொடுத்தால் மோட்டார் திசை மாறும், அதனால் இழுப்பதைத் தள்ளுவதாக்கிவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். திசை மாறும்தான், ஆனால் வளைந்த இறக்கை ஒரு திசைக்காகச் செய்யப்பட்டது, தலைகீழாகச் சுற்றினால் காற்று வெகுவாகக் குறையும். சில ஃபேன்களில் இறக்கையைக் கழற்றித் திருப்பி மாட்டலாம், அதற்கான குறிப்பு கூடவே வரும்.

ஷ்ரவுட் எனப்படும் உறை ரொம்ப முக்கியம். அது இல்லாவிட்டால் ஃபேன் தன் வட்டத்துக்கு நேர் எதிரே உள்ள பகுதியில் இருந்து மட்டும் காற்றை இழுக்கும், ரேடியேட்டரின் மூலைகள் சும்மா இருக்கும். உறையோடு கூடிய சின்ன ஃபேன், உறை இல்லாத பெரிய ஃபேனை வென்றுவிடும் இடங்கள் உண்டு.

அப்புறம், ரேடியேட்டரின் துடுப்புகளுக்கு நடுவே பிளாஸ்டிக் கம்பிகளைக் கோத்து ஃபேனைக் கட்டும் முறை. விற்பவர்களே கொடுக்கிறார்கள் என்பதற்காக அதைப் பயன்படுத்த வேண்டாம். ஃபேனின் எடையும் அதிர்வும் மெல்லிய குழாய்கள் மேலேயே விழும், நாளடைவில் உரசி ஓட்டை விழும். ரேடியேட்டரின் பக்கச் சட்டத்திலோ பாடியிலோ இரும்புப் பட்டை வைத்து மாட்டுங்கள்.

என் காரின் ஆல்டர்னேட்டர் தாங்குமா? டைனமோ என்றால்?

இன்ஜின் ஓடும்போது காருக்கு மின்சாரம் தயாரிப்பது ஆல்டர்னேட்டர், அதற்கு முந்தைய கார்களில் டைனமோ. இதைக் கேட்காமல் ஃபேன் வாங்குபவர்களே அதிகம், பிறகு இரவில் மழையில் பேட்டரி படுத்துவிட்டது என்று வருவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 55 வாட் ஹெட்லைட் இரண்டு என்றால் சுமார் 9 ஆம்பியர். இக்னிஷன் 4, வைப்பர் 4, பின் விளக்குகளும் மீட்டர் விளக்குகளும் 2, ஹீட்டர் மோட்டார் 6 முதல் 8. இதுவே 25ஐத் தாண்டிவிட்டது. இதன் மேல் நடுத்தர ஃபேன் ஒன்று 12 முதல் 20 ஆம்பியர் இழுக்கும், புதிய கார்களில் இருந்து எடுத்த பெரிய ஃபேன் 30க்கு மேலும் போகும்.

இப்போது மறுபக்கம். பழைய பிரிட்டிஷ் கார்களில் பரவலாக இருந்த லூகாஸ் சி40 டைனமோ அதிகபட்சம் 22 ஆம்பியர் தரும். பின்னால் வந்த லூகாஸ் 17ஏசிஆர் ஆல்டர்னேட்டர் 36 ஆம்பியர். இரண்டுமே இன்ஜின் நல்ல வேகத்தில் ஓடும்போது. ஐட்லிங்கில் ஆல்டர்னேட்டர் இதில் ஒரு பகுதிதான் தரும், டைனமோ ஏறக்குறைய ஒன்றுமே தராது. ஃபேன் அதிகம் ஓடப்போவதோ ஐட்லிங்கில்தான்.

டைனமோ உள்ள காரில் 6 முதல் 8 ஆம்பியர் இழுக்கும் சின்னத் துணை ஃபேன் வரை போகலாம், பெல்ட் ஃபேனை எடுக்காமல். பெல்ட் ஃபேனை முழுசாக எடுத்துவிட்டு எலெக்ட்ரிக் ஃபேனை மட்டும் நம்ப வேண்டுமானால் ஆல்டர்னேட்டருக்கு மாறிய பிறகு செய்யுங்கள். பகலில் மட்டும் ஓட்டும் வண்டிக்கு 36 ஆம்பியர் போதும். இரவு, மழை, நெரிசல் எல்லாம் சேர்ந்து வரும் வண்டிக்கு 55 ஆம்பியர் ஆல்டர்னேட்டரே எனக்கு நிம்மதி தரும் அளவு. ஆல்டர்னேட்டரை மாற்றினால் அதிலிருந்து பேட்டரிக்குப் போகும் பழைய ஒயரையும் மாற்ற வேண்டும், அது பழைய ஆம்பியருக்குப் போட்டது.

டாஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைத்து நேரே ஃபேனுக்குக் கொடுத்தால் என்ன? ரிலே எதற்கு?

மோட்டார் கிளம்பும் அந்தக் கணத்தில் ஓட்ட மின்சாரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு இழுக்கும். சாதாரண சுவிட்சின் முனைகள் அதைத் தாங்காமல் கருகும் அல்லது ஒட்டிக்கொள்ளும். அதோடு பேட்டரியில் இருந்து டாஷ்போர்டுக்குப் போய்த் திரும்பி முன்னால் வரும் நீளமான ஒயரில் வோல்டேஜ் குறையும். ரிலே என்பது சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச். அதை வைத்தால் அதன் காயிலுக்கு கால் ஆம்பியருக்கும் குறைவாகவே போதும், பெரிய மின்சாரம் பேட்டரியில் இருந்து குட்டையான பாதையில் ஃபேனுக்குப் போய்விடும்.

இன்னொரு காரணம் பலருக்குத் தெரியாது. ஃபேனை இக்னிஷன் ஒயரில் நேராகச் சேர்த்திருந்தால், சாவியை அணைத்த பிறகும் சுழல் வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் ஃபேன் மோட்டார் ஜெனரேட்டராக மாறி இக்னிஷன் காயிலுக்கே மின்சாரம் கொடுக்கும், இன்ஜின் சில நொடிகள் நிற்காமல் ஓடும். ரிலே வழியாகக் கொடுத்தால் இந்தப் பாதையே கிடையாது.

ரிலேயில் 30, 85, 86, 87 என்று இருக்கிறது. எது எங்கே போகும்?

ஜெர்மானிய டிஐஎன் 72552 தரநிலையில் இருந்து வந்த எண்கள் இவை, ஏறக்குறைய எல்லா கார் ரிலேயிலும் இதேதான்.

30: பேட்டரி பாசிட்டிவில் இருந்து, நடுவில் ஃபியூஸ் வைத்து.
87: ஃபேனின் பாசிட்டிவ் ஒயருக்கு.
86: சாவி போட்டால் மின்சாரம் வரும் ஒயருக்கு, 3 அல்லது 5 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து.
85: வெப்பச் சுவிட்சுக்கு (தண்ணீர் குறிப்பிட்ட சூட்டை எட்டினால் தானாகச் சுற்றை இணைப்பது), அதன் மறுமுனை எர்த்துக்கு, அதாவது பேட்டரி நெகட்டிவோடு சேர்ந்த பாடிக்கு.

ஃபேனின் நெகட்டிவ் ஒயர் எர்த்துக்கு. அவ்வளவுதான் சுற்று. ஐந்தாவதாக 87ஏ என்று ஒன்று நடுவில் இருந்தால் அதைத் தொட வேண்டாம், ரிலே அணைந்திருக்கும்போது மின்சாரம் தரும் முனை அது. அதில் ஃபேனைச் சேர்த்தால் எல்லாம் தலைகீழாக நடக்கும்.

வெப்பச் சுவிட்ச் எர்த் பக்கத்தில் இருப்பது நல்லது. அந்த ஒயர் எங்காவது உரசி பாடியைத் தொட்டாலும் நடப்பது ஃபேன் ஓடுவது மட்டும்தான், ஃபியூஸ் போகாது, இன்ஜின் கொதிக்காது. ரிலேயை மாட்டும்போது கால்கள் கீழே பார்க்கும்படி, சைலன்சர் சூடு படாத இடத்தில் வையுங்கள். கால்கள் மேலே பார்த்தால் தண்ணீர் உள்ளே இறங்கி ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்துவிடும்.

இரண்டு ஃபேன் போடுபவர்கள் ஒரே ரிலேயில் இரண்டையும் தொங்கவிட வேண்டாம். ஆளுக்கு ஒரு ரிலே, ஆளுக்கு ஒரு ஃபியூஸ். ஒன்று போனாலும் மற்றது ஓடும்.

86க்கு சாவி மின்சாரமா, நேரடி பேட்டரியா?

நேரடி பேட்டரி கொடுத்தால் வண்டியை நிறுத்திய பிறகும் சூடு இறங்கும் வரை ஃபேன் ஓடும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பம்ப் நின்றுவிட்டதால் தண்ணீர் சுற்றாது, ரேடியேட்டரில் உள்ள தண்ணீர் மட்டும்தான் குளிரும், பழைய பேட்டரி இறங்கும். எனக்குச் சாவி மின்சாரமே சரி என்று படுகிறது. நேரடியாகத்தான் வேண்டும் என்றால், சூடான வண்டியின் போனெட்டுக்குள் கை விடும் முன் பேட்டரி கம்பியைக் கழற்றிவிடுங்கள், ஃபேன் சொல்லாமல் கிளம்பும், விரல் போகும்.

ஒயர் எவ்வளவு தடிமன்? ஃபியூஸ் எத்தனை ஆம்பியர்?

20 ஆம்பியர் ஃபேன், போக 2 மீட்டர், வர 2 மீட்டர் ஒயர் என்று வைத்துக்கொள்வோம். 1 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் வழியிலேயே ஏறக்குறைய 1.4 வோல்ட் போய்விடும், ஒயரே 27 வாட் அளவுக்குச் சூடாகும். 2.5 போட்டால் அரை வோல்ட்டுக்குச் சற்று மேல். 4 போட்டால் 0.35 வோல்ட். ஆகவே 15 ஆம்பியர் வரை 2.5, அதற்கு மேல் 25 வரை 4 சதுர மில்லிமீட்டர், எர்த் ஒயரும் அதே தடிமன். பாசிட்டிவுக்குத் தடிமனாகப் போட்டுவிட்டு எர்த்துக்கு மிச்சமிருந்த மெல்லிய ஒயரைச் செருகுவது அடிக்கடி நடக்கிறது. போகும் மின்சாரம் முழுவதும் திரும்பி வர வேண்டாமா?

ஃபியூஸ், ஃபேன் ஓடும்போது இழுக்கும் ஆம்பியரைப் போல ஒன்றேகால் முதல் ஒன்றரை மடங்கு. 15 ஆம்பியர் ஃபேனுக்கு 20, 20க்கு 30. ஆனால் ஃபியூஸ் காப்பது ஃபேனை அல்ல, ஒயரை. 30 ஆம்பியர் ஃபியூஸ் போட்டுவிட்டு 1.5 ஒயர் இழுத்தால் ஃபியூஸுக்கு முன் ஒயர் எரியும். ஃபியூஸை பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வையுங்கள், ஏனென்றால் பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் உள்ள துண்டுக்குப் பாதுகாப்பே கிடையாது.

இணைப்புகளை நல்ல கிரிம்ப் கருவியால் அழுத்தி, மேலே சூட்டில் சுருங்கும் குழாய் போடுங்கள். ஈயம் வைத்தால் பற்று முடியும் இடத்தில் ஒயர் விறைத்து, அதிர்வில் அங்கேயே ஒடியும். ஏற்கனவே உள்ள ஒயரைக் கடித்துப் பிடிக்கும் அந்தப் பிளாஸ்டிக் கிளிப்புகள் ஃபேன் சுற்றில் வேண்டவே வேண்டாம்.

வெப்பச் சுவிட்ச் எத்தனை டிகிரியில், எங்கே?

தெர்மோஸ்டாட்டை வைத்து முடிவு செய்ய வேண்டும். 82 டிகிரி என்று பொறித்த தெர்மோஸ்டாட் 82ல் திறக்கத் தொடங்கி, சுமார் 95ல் முழுசாகத் திறக்கும். ரேடியேட்டருக்குச் சூடான தண்ணீர் வரும் மேல் பக்கத்தில் சுவிட்ச் வைத்தால் 93 முதல் 95ல் ஃபேன் ஓடி, 88 வாக்கில் நிற்கட்டும். குளிர்ந்து வெளியேறும் கீழ்ப் பக்கத்தில் வைத்தால் அங்கே தண்ணீர் 5 முதல் 10 டிகிரி குறைவு, அதனால் சுவிட்சும் அந்த அளவு குறைவாக இருக்க வேண்டும். மேல் பக்கத்தில் 80ல் ஓடும் சுவிட்ச் போட்டால், தெர்மோஸ்டாட் அதற்குக் கீழே வெப்பத்தை இறங்க விடாது, ஃபேன் நிற்கவே நிற்காது. சீக்கிரம் ஓடினால் அதிகம் குளிரும் என்று குறைந்த டிகிரி வாங்குபவர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள்.

95 டிகிரி என்றால் பயப்பட வேண்டாம். ரேடியேட்டர் மூடி 0.5 பார் அழுத்தம் பிடித்தால் சாதா தண்ணீரே 110 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், வண்டி ஆறிய பிறகு.

ரேடியேட்டரில் திருகும் சுவிட்ச்தான் நம்பகமானது. பல ரேடியேட்டர்களில் அதற்கு எம்22 மரை இருக்கும், இல்லாவிட்டால் ரேடியேட்டர் வேலை செய்பவரிடம் கொடுத்து மரையை ஒட்டி வாங்கிக்கொள்ளலாம், அல்லது ஹோஸை வெட்டி நடுவில் வைக்கும் அலுமினியக் குழாய் கிடைக்கும். ஹோஸ் முனைக்குள் மெல்லிய செம்புக் குழாயைச் செருகும் வகை அந்த இடத்திலேயே கசியும், தவிர்க்கலாம். துடுப்புகளுக்குள் குத்தி வைக்கும் முனை காற்றின் வெப்பத்தையும் சேர்த்துப் படிக்கும்.

ஒரே ஒரு முனை உள்ள சுவிட்ச் தன் உடம்பு வழியாக எர்த் எடுக்கும். ரேடியேட்டர் ரப்பர் மேல் உட்கார்ந்திருந்தால், அல்லது ஹோஸ் நடுவில் குழாய் வைத்திருந்தால், எர்த்தே கிடைக்காது, தனியாக ஒரு ஒயர் இழுக்க வேண்டும். ஃபேன் ஓடவில்லை என்ற புகார் வந்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

கையால் போடும் சுவிட்சும் வேண்டும், எங்கே சேர்ப்பது?

85ல் இருந்து ஒரு ஒயர் டாஷ்போர்டுக்கு, அங்கே சுவிட்ச், மறுமுனை எர்த். வெப்பச் சுவிட்சுக்கு இணையாக. இப்படிச் செய்தால் கைச் சுவிட்ச் ஃபேனை ஓட வைக்க மட்டும் முடியும், நிறுத்த முடியாது. அதுதான் வேண்டும், மறந்து அணைத்து வைத்த சுவிட்ச் ஒன்று இன்ஜினைக் கொதிக்க விடக்கூடாது. 87ல் இருந்து ஒரு சின்ன விளக்கை 1 ஆம்பியர் ஃபியூஸோடு டாஷ்போர்டில் வைத்தால், ரிலே வேலை செய்கிறதா என்று ஓட்டும்போதே தெரியும்.

என்னுடையது பாசிட்டிவ் எர்த் கார்.

அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் பாடியோடு சேர்ந்திருக்கும் கார். சுற்று அதேதான், பேட்டரியின் நெகட்டிவ் பக்கம்தான் உங்களுக்கு உயிருள்ள ஒயர். ஆகவே ரிலேயின் 87ல் இருந்து ஃபேனின் நெகட்டிவுக்கு, ஃபேனின் பாசிட்டிவ் எர்த்துக்கு. மாற்றாமல் கொடுத்தால் ஃபேன் எதிர்த்திசையில் சுற்றும். சாதா ரிலேக்குத் திசை கிடையாது, உள்ளே டையோடு உள்ள ரிலே என்றால் 85, 86 இரண்டையும் இடம் மாற்ற வேண்டும். நெகட்டிவ் எர்த்துக்குச் செய்த எலெக்ட்ரானிக் ஃபேன் கன்ட்ரோலரைப் பாடியோடு சேர்த்தால் அது அங்கேயே போய்விடும். 6 வோல்ட் காரில் 12 வோல்ட் ஃபேன் பெயருக்குத்தான் சுற்றும்.

புதிய காரின் ஃபேன் மலிவாகக் கிடைக்கிறது, போடலாமா?

இரண்டு தடிமனான ஒயர் மட்டும் வந்தால் போடலாம், முதலில் அது எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று அளந்துவிட்டு. தடிமனான இரண்டோடு மெல்லிய ஒயரும் வந்தால் பெரும்பாலும் கம்ப்யூட்டர் சிக்னலுக்குக் காத்திருக்கும் வகை, நேராக 12 வோல்ட் கொடுத்தால் அசையாமல் இருக்கும்.

பெல்ட் ஃபேனைக் கழற்றும்போது கவனிக்க வேண்டியது?

போல்ட் நீளம். பல இன்ஜின்களில் ஃபேனையும் புல்லியையும் ஒரே போல்ட்கள்தான் பிடிக்கும். ஃபேனை எடுத்துவிட்டு அதே போல்ட்டைத் திருகினால், ஃபேனின் தடிமன் அளவுக்கு உள்ளே கூடுதலாகப் போய் பம்ப் உடம்பில் முட்டும், அல்லது புல்லியை இறுக்காமலே நின்றுவிடும். குட்டை போல்ட் போடுங்கள், அல்லது அதே தடிமனில் வாஷர்.

ஏசி இருக்கிறது.

ஏசி கம்ப்ரசர் ஓடும்போதெல்லாம் ஃபேனும் ஓட வேண்டும், தண்ணீர் சூடாக இருந்தாலும் இல்லாவிட்டாலும். கம்ப்ரசர் கிளட்ச் ஒயரில் இருந்து இரண்டாவது ரிலேயின் காயிலுக்கு எடுத்து, அதன் 87ஐ ஃபேன் ஒயரோடு சேர்த்தால் போதும்.

எல்லாம் முடிந்தது. எப்படிச் சோதிப்பது?

85 ஒயரைக் கையால் எர்த்தில் தொட்டுப் பாருங்கள், சாவி போட்டிருக்க வேண்டும். ஃபேன் ஓடினால் ரிலேயும் பெரிய ஒயரும் சரி. ஒரு தாளை ரேடியேட்டர் முன் காட்டினால் அது உள்பக்கம் ஒட்டிக்கொள்ள வேண்டும், பறந்து வந்தால் ஃபேன் திசை தவறு.

பிறகு இன்ஜினை ஓடவிட்டு, ஃபேன் ஓடும்போது மல்டிமீட்டரால் பேட்டரி முனைகளிலும் ஃபேன் முனைகளிலும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருக்கட்டும். அதிகம் இருந்தால் பேட்டரி நெகட்டிவுக்கும் ஃபேன் நெகட்டிவுக்கும் நடுவே தனியாக அளந்து பாருங்கள், 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தில்தான் குறை. பழைய பாடியில் பெயின்ட்டையும் துருவையும் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் லக்கை இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். கடைசியாக அப்படியே நிறுத்தி வைத்து ஃபேன் தானாக ஓடி, தானாக நின்று, மறுபடி ஓடும் வரை பொறுத்திருங்கள். தண்ணீரை வடித்து நிரப்பியிருந்தால் உள்ளே மாட்டிய காற்று வெளியேறுவதற்கும் அந்த நேரம் வேண்டும், இல்லாவிட்டால் சுவிட்ச் காற்றில் நின்றுகொண்டு சூட்டை உணராது.

ஒரு மாதம் நன்றாக ஓடியது, இப்போது அவ்வப்போது ஃபியூஸ் போகிறது.

பெரிய ஃபியூஸ் போடாதீர்கள். ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள், இறுக்கமாக இருந்தால் மோட்டார் பேரிங் அல்லது உறையில் உரசல். சுலபமாகச் சுற்றினால் ஒயர் ரேடியேட்டர் சட்டத்தைத் தாண்டும் இடத்தில் தோல் உரிந்திருக்கிறதா என்று தேடுங்கள். ஃபியூஸ் கம்பி உருகாமல் ஃபியூஸ் கூடு மட்டும் உருகியிருந்தால் அது அதிக மின்சாரம் அல்ல, கூட்டின் முனை தளர்ந்து சூடாகியிருக்கிறது, கூட்டையே மாற்றுங்கள், தடிமனான ஒயரோடு வரும் நல்ல கூடாகப் பார்த்து.